படைசென்ற வழியும் தானியமிருந்த இடமும்

1560ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி டொம் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்திற் படையிறக்கி நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி மன்னன் வன்னிப் பெருநிலப்பரப்பை நோக்கிப் பின்வாங்கினான். அவனைத் துரத்திச் சென்றமை, பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கை, அதனைக் குலைத்த மக்கள் கிளர்ச்சி, ஈற்றிலே குடாநாட்டைக் கைவிட்டு மன்னாரிற் கோட்டை அமைத்தமை ஆகியன வரலாற்று நூல்களிற் கூறப்படுவன. எனினும் துரத்தியோர் வன்னியிலே எவ்வழியாற் சென்றனர் என்ற வினாவிற்கு ஏடுகளை மாத்திரம் கொண்டு விடை காணவியலாது. தியோகோ து கூத்தோவும் கெய்றோஸ் பாதிரியாரும் எழுதியவை வென்றவரின் பக்கத்து வரலாறுகள். 1736இல் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோட்கிணங்க மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையோ அரசவழியைப் பற்றியது. ஆற்றங்கரைக் குடியானவன் அதன் பொருளல்லன்.

இத்தகைய வினாவொன்று பிறிதொரு கண்டத்திலே எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதை ஈண்டு நோக்குதல் பயனுடையது. யுவான் பார்தோ என்ற ஸ்பானியத் தளபதி, 1566 டிசெம்பர் 1ஆந் திகதி 125 வீரருடன், இன்றைய தென் கரொலைனாக் கரையிலிருந்த சாந்தா எலேனாவினின்று உள்நாடு நோக்கிப் புறப்பட்டான். மெக்சிக்கோவின் வெள்ளிச் சுரங்கங்களுக்குத் தரைவழி காண்பது வெளிப்படையான நோக்கம். அதனினும் அவசரமான காரணம் ஒன்றிருந்தது: சாந்தா எலேனாவில் உணவு போதவில்லை. படையினரிற் பாதியை உள்நாட்டுக் குடிகளின் சோளத்தை உண்ணுமாறு அனுப்புவதே ஆளுநன் கண்ட வழி. நாடுகாண் பயணம் எனப் பள்ளிப் புத்தகங்கள் புகழ்வனவற்றுள் எத்தனை இவ்வாறு வயிற்றிலிருந்து தொடங்கியவை என எண்ணிப் பார்க்கலாம்.

1567 தைமாதமளவில் பார்தோ ஜொவாரா என்ற பெரிய ஊரை அடைந்து, சான் யுவான் என்னும் கோட்டையமைத்து, முப்பது வீரரை அங்கு நிறுத்தினான். அவனது இரண்டாம் பயணத்திலே உடன்சென்ற பந்தேரா என்ற எழுத்தர், எந்த ஊர்த்தலைவன் எதனைக் கொடுத்தான், எவனுக்குக் கோடரியும் உளியும் வழங்கப்பட்டன என்பனவற்றையெல்லாம் பதிந்து வைத்தார். ஸ்பானியருக்கென வீடு கட்டிச் சோளம் நிரப்பி வைக்குமாறு தலைவர்கள் பணிக்கப்பட்டனர். பயணக்குறிப்பு எனக் கொள்ளப்படும் இவ்வேடு உண்மையில் ஓர் இறைக்கணக்கேயாகும். 1568 வசந்தத்தில் மக்கள் எழுந்தனர். பார்தோ அமைத்த ஆறு கோட்டைகளும் அழிந்தன.

ஜொவாரா எங்கிருந்தது என்பது நெடுங்காலம் சர்ச்சைக்குரியதாயிருந்தது. 1539இல் தொடங்கிய பழைய படையெடுப்பின் கதையை 1939இல் ஆராய்ந்த சுவான்ரன் குழு, அவ்வூரைப் பிறிதோரிடத்திற் குறித்தது. 1980களில் சார்ள்ஸ் ஹட்சனும் உடன் ஆய்வாளரும் பந்தேராவின் ஏட்டிலுள்ள நாட்கணக்கையும் தூரத்தையும் ஆறுகளோடு பொருத்தி, கட்டாபா ஆற்றின் மேற்பகுதியைச் சுட்டினர். மண்ணிலிருந்து சான்று வந்தபொழுதே வாதம் அடங்கிற்று. வட கரொலைனாவின் மோர்கன்ரன் நகருக்கு அண்மையிலுள்ள பெரி என்னும் இடத்தில் 1986 முதல் டேவிட் மூர் அகழ்ந்தார். பின்னர் ரொபின் பெக், கிறிஸ்ரோபர் ரொட்னிங் ஆகியோர் இணைந்தனர். ஸ்பானியச் சாடியோடுகள், ஈயக்குண்டுகள், இரும்பாணிகள், எரிந்த ஐந்து கட்டடங்கள், 2013இற் கோட்டையின் அகழி என்பன வெளிப்பட்டன. எரிந்து கரியான மரம் உக்காது நிலைக்கும் என்பது அகழாய்வாளர் அறிந்ததே. கிளர்ச்சியாளர் வைத்த தீயே ஆவணத்தைப் பேணிற்று.

இம்முறையை வன்னிக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது. ஜொவாராவிற் படை ஓராண்டுக்கு மேல் தங்கியது. நம்மிடத்து அது கடந்து சென்றது. நடந்துசென்ற படை மண்ணில் விடுவது மிகக் குறைவு. ஆகவே தேடவேண்டியது படையின் அடிச்சுவட்டையன்று, அதன் சோற்றையே. உணவு கொண்டுசெல்ல வசதியற்ற படையும், அதன்முன் ஓடிய மன்னனும், குளமும் வயலும் உள்ள வழியையே பற்றியிருத்தல் வேண்டும். கடனீரேரியைக் கடக்கும் துறைகள், கனகராயன் ஆறு, அதனையடுத்த குளங்கள் என்பன முதலில் வரையப்படவேண்டியவை. பின்னரே கூத்தோவின் பக்கங்களை அவ்வரைபடத்தின்மீது வைத்துப் பார்த்தல் தகும். இடப்பெயர்களும் உதவும். பூநகரி போர்த்துக்கேயர் செவியில் பொனறிம் ஆகி, ஆங்கிலத்திற் பூநேரின் ஆயிற்று. இத்தகைய திரிபுகளை அவிழ்ப்பது மொழியாய்வாளரின் பணி.

இதற்கான அடிப்படை ஓரளவு இடப்பட்டுள்ளது. ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பிரதேசத்தில் நடத்திய மேலாய்வு 1993இல் நூலாக வெளிவந்தது. பெருங்கற்காலப் பண்பாட்டிற்குரிய கறுப்பு-சிவப்பு மட்கலவோடுகளும் தொன்மையான குடியிருப்புகளும் அங்கு இனங்காணப்பட்டன. வன்னி என்றதும் ஆளற்ற காடு எனக் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இக்கருத்து அப்பாவித்தனமானதன்று. யானையைத் திறையாகப் பெற்ற போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னி, யானை தரும் காடாக மட்டுமே தெரிந்தது; யானை பிடித்துக் கொடுத்தவனின் உழைப்பும் அவனுண்ட நெல்லும் ஏட்டில் ஏறவில்லை. ஆளற்ற நிலம் எனப்படுவதை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் பிற்காலத்திலும் நன்கு பயன்பட்டுள்ளது.

பரந்தன்-முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரம், இருபதாம் நூற்றாண்டுக் குடியேற்றங்களால் வளர்ந்த ஊர். 2009 தொடக்கத்திலே இவ்வழியாகவே பல்லாயிரவர் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். மீண்டவர்கள் காடழித்து, கிணறு வெட்டி, வீடு கட்டினர். எந்த ஓடு எவ்வாழத்திற் கிடந்தது எனக் குறித்துவைக்க அவர்களுக்கு அவகாசமும் இல்லை, கடப்பாடும் இல்லை. ஆனால் ஆற்றங்கரைகளிலிருந்து மணலை உழவு இயந்திரங்களிலும் ரிப்பர்களிலும் ஏற்றிச்செல்லும் வணிகத்திற்கு அத்தகைய சாட்டு எதுவும் இல்லை. பழைய குடியிருப்புகளை ஆற்றோரத்திலேயே எதிர்பார்க்கவேண்டும். எனவே கள ஆய்வு கரையோரங்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும், அதுவும் அடுத்த மாரிக்கு முன்னர்.