ஜெயிச்சா மேல போகலாம், பில்லை யார் கட்டுறது? கால்பந்து கிளப்புகளின் 'ப்ரமோஷன்' கணக்கு

ஹெப்பகோடியில் குடியிருக்கும் ஒருவருக்கு ஆபீஸில் ப்ரமோஷன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தோஷத்தில் கோரமங்களாவில் பெரிய ஃபிளாட் பார்க்கிறார். ஓனர் கேட்கும் அட்வான்ஸ், கூடுதல் வாடகை, மெயின்டனன்ஸ், பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வந்த ஹைக் எங்கே போச்சுன்னே தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து வேலை போனால் இன்னும் சிக்கல். சம்பளம் அன்றைக்கே நின்றுவிடும், வீட்டு அக்ரிமென்ட் நிற்காது.

கால்பந்து கிளப் ஒன்று கீழ்ப் பிரிவில் ஜெயித்து மேல் பிரிவுக்குப் போகும்போதும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. கோப்பையைத் தூக்கும் போட்டோ எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வரும் பில்லைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பெங்களூரில் என்ன நடந்தது?

2024-25 சீசனில் இந்தியாவின் தேசிய அளவிலான ஆண்கள் கால்பந்தின் மேல் மூன்று படிகளை இப்படிப் புரிந்துகொள்ளலாம். உச்சியில் ஐ.எஸ்.எல்., அடுத்து ஐ-லீக், அதற்குக் கீழே ஐ-லீக் 2. அதற்கும் கீழே மாநில, மாவட்ட லீக்குகள் இருக்கின்றன.

2023-24 சீசனில் ஐ-லீக் 2 பட்டத்தை வென்றது நம்ம ஊர் அணியான எஸ்.சி. பெங்களூரு. கோவாவின் டெம்போ அணியோடு சேர்ந்து ஐ-லீக்குக்கு ஏறியது. ஆனால் 2024-25 ஐ-லீக்கில் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்து மறுபடியும் கீழே இறங்கியது. ஒரே வருஷத்தில் ஏறியும் ஆச்சு, இறங்கியும் ஆச்சு.

மைதானத்தில் தோற்றதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இங்கே நாம் பார்க்கப்போவது வேறு விஷயம்: அந்த ஒரு படி ஏறும்போது ஒரு கிளப்பின் செலவுப் பட்டியல் எப்படி மாறுகிறது?

முதல் செலவு: டிக்கெட்

பெங்களூரு மாவட்ட லீக்கில் ஆடும்போது பயணம் என்பது பெரும்பாலும் ஒரு வேன் வாடகை. ஆட்டம் முடிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

2024-25 ஐ-லீக்கில் 12 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 22 ஆட்டங்கள், அதில் 11 வெளியூரில். ஸ்ரீநகர், ஐஸ்வால், ஷில்லாங், கோவா, கோழிக்கோடு என்று நாட்டின் நாலு மூலைக்கும் போக வேண்டும்.

நாமே ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வீரர்கள், பயிற்சியாளர்கள், பிசியோ எல்லாம் சேர்த்து 25 பேர். போய்வர ஆளுக்கு ₹14,000 என்றால் விமானத்துக்கு மட்டும் ₹3.5 லட்சம். மூன்று இரவுக்கு 13 அறைகள், அறைக்கு ₹3,500 என்றால் சுமார் ₹1.37 லட்சம். சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு ₹1,000 என்றால் ₹75,000. ஆக, ஒரு பயணத்துக்குச் சுமார் ₹5.6 லட்சம். 11 பயணங்களுக்குக் கிட்டத்தட்ட ₹62 லட்சம்.

இது நாம் போட்ட கணக்குதான், எந்த கிளப்பின் வரவு செலவும் அல்ல. ஆனால் ஒன்று புரியும். இந்தச் செலவு அணி ஜெயித்தாலும் தோற்றாலும் மாறாது. மைதானத்துக்கு 200 பேர் வந்தாலும் 20,000 பேர் வந்தாலும் மாறாது.

இரண்டாவது: சம்பளமும் லைசன்ஸும்

மேல் பிரிவில் பழைய அணியை மட்டும் வைத்து ஓட்டுவது கஷ்டம். புது ஆட்களை எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களும், "மேல கொண்டுவந்ததே நாங்கதானே, எங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

உச்சிப் படியில் இந்தத் தொகை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஐ.எஸ்.எல்.லில் ஒரு கட்டத்தில் அணியின் சம்பள உச்சவரம்பே ₹16.5 கோடி.

அடுத்தது கிளப் லைசன்ஸ். மேல் பிரிவுகளில் ஆட வேண்டுமென்றால் விளையாட்டு, உள்கட்டமைப்பு, பணியாளர் நிர்வாகம், சட்டம், நிதி என ஐந்து வகை விதிகளைப் பூர்த்தி செய்ய வேண்டும். இளையோர் அணிகள், தகுதிபெற்ற பயிற்சியாளர், மருத்துவக் குழு, தணிக்கை செய்த கணக்கு எல்லாம் இதற்குள் வரும். எல்லாமே தேவையானவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் யாராவது சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது: வாசலில் கேட்கும் கட்டணம்

ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியபோது, ஜெயித்து உள்ளே வரும் வழியே கிடையாது. பணம் கட்டித்தான் வர முடியும். ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்தின் பெங்களூரு எஃப்.சி., 2013-14, 2015-16 என இரண்டு முறை ஐ-லீக் சாம்பியன் ஆன அணி. அதுவுமே 2017-ல் ஏலத்தில் கலந்துகொண்டுதான் ஐ.எஸ்.எல்.லுக்குள் வந்தது. அப்போது புதிய அணிகளுக்குப் பேசப்பட்ட தொகை வருஷத்துக்கு ₹15 கோடி.

இந்தப் பூட்டின் வலி தமிழ்நாட்டுக்கும் தெரியும். 2019 மார்ச் 9 அன்று, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை வென்று ஐ-லீக் பட்டத்தைத் தூக்கியது சென்னை சிட்டி எஃப்.சி. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திய அணி அது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் அதில் 26% பங்கும் வாங்கியிருந்தது. ஆனால் அன்றைக்கு ஐ-லீக் சாம்பியனுக்கு மேல் பிரிவில் இடம் கிடையாது. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கிலேயே அந்த அணி இல்லை.

அப்போ கட்டணத்தை எடுத்துட்டா பிரச்னை தீர்ந்துடுமா?

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஒரு திட்டம் வந்தது. 2022-23, 2023-24 ஐ-லீக் சாம்பியன்கள் நுழைவுக் கட்டணம் இல்லாமலே ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம், லைசன்ஸ் இருந்தால் போதும் என்றது. அப்படி முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்.சி. அடுத்த வருஷம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்.

முகமதன் 1891-ல் தொடங்கிய கிளப். ரசிகர் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஐ.எஸ்.எல்.லில் ஆடிய முதல் சீசனிலேயே சம்பளப் பாக்கிச் சிக்கல். ப்ரமோஷன் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ஆந்திரே செர்னிஷோவ், சம்பளம் வராததால் 2025 ஜனவரியில் விலகினார். 13 அணிகளில் கடைசி இடம்.

வாசலில் கட்டணம் இல்லை என்பதால் வீட்டுக்குள் செலவே இல்லை என்று ஆகிவிடாது. அட்வான்ஸ் வேண்டாம் என்று ஓனர் சொன்னாலும் மாச வாடகை மாச வாடகைதான்.

வருமானம் எங்கிருந்து வரும்?

மேலே போனால் டிவி பணம், ஸ்பான்சர், டிக்கெட் விற்பனை கூடும் என்பதுதான் நம்பிக்கை. இந்தியாவில் அந்த நம்பிக்கைக்கு 2025-ல் பலத்த அடி விழுந்தது.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐ.எஸ்.எல்.லை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இடையிலான 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஆகாததால், ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணி வீரர்கள், பணியாளர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கூட்டமைப்பு வணிக உரிமைக்கு டெண்டர் விட்டபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரியில்தான் லீக் தொடங்கியது, அதுவும் 14 அணிகள், 91 ஆட்டங்கள் என்று சுருங்கி.

இந்தக் குழப்பத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது இன்டர் காசி அணி. 2024-25 ஐ-லீக் பட்டம் யாருக்கு என்ற வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2025 ஜூலையில் இன்டர் காசிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஏறுவதற்கு உரிமை கிடைத்த அதே மாதத்தில்தான் ஏற வேண்டிய லீக் நிறுத்திவைக்கப்பட்டது.

அமெரிக்கக் கல்லூரிகளிலும் இதே கதைதான்

அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது வேறு ஆட்டம், பந்தைக் கையில் பிடித்து ஓடுவது. ஆனால் கணக்கு ஒன்றுதான். எஃப்.சி.எஸ். என்ற பிரிவிலிருந்து உச்சப் பிரிவான எஃப்.பி.எஸ்.ஸுக்கு ஏறுவதற்கான விண்ணப்பக் கட்டணம் முன்பு 5,000 டாலர். 2023-ல் அதை 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். ஆயிரம் மடங்கு! ஆழம் தெரியாமல் காலை விடுபவர்களைத் தடுக்கும் வேலி இது.

அதோடு முடியவில்லை. எஃப்.சி.எஸ்.ஸில் நீண்ட காலமாக 63 முழு உதவித்தொகைதான் வரம்பாக இருந்தது, எஃப்.பி.எஸ்.ஸில் 85 ஆக இருந்தது. ஆண்கள் ஆட்டத்துக்குச் செலவைக் கூட்டினால், பாலினச் சமத்துவச் சட்டத்தால் பெண்கள் விளையாட்டுகளுக்கும் வாய்ப்பையும் உதவித்தொகையையும் கூட்ட வேண்டிவரும். 2022-ல் ஏறிய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் மேலேயும் தொடர்ந்து ஜெயித்தது. ஆனால் ஐடஹோ பல்கலைக்கழகம் 2018-ல் தானாகவே கீழ்ப் பிரிவுக்குத் திரும்பியது.

சரி, மேலே போகவே கூடாதா?

போகணும். ஜெயித்தால் ஏறலாம் என்ற கதவு திறந்திருந்தால்தான் மாவட்ட லீக்கில் ஆடும் பையனுக்கும் ஒரு கனவு மிஞ்சும். கேள்வி, இறங்கும்போது அடிபடுவது யார் என்பதுதான்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் கிளப்புகளுக்கு, அதிர்ச்சியைத் தாங்க மூன்று வருஷம் வரைக்கும் 'பாராசூட்' பணம் கிடைக்கும். அணி இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதும் அங்கே சகஜம். இங்கே கீழே இறங்கும் அணிக்கு அப்படி ஒரு பாராசூட் இல்லை. முதலாளியின் பாக்கெட்தான் பாராசூட். அவர் கையை விரித்தால் முதலில் அடிபடுவது வீரரின் சம்பளம். முப்பது வயதுக்குமேல் புது கிளப் தேடுவது சுலபமில்லாத தொழிலில், நாலு மாதச் சம்பளப் பாக்கி என்பது ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ்.

அதனால் அடுத்த முறை 'நம்ம டீம் மேல போகுது' என்று செய்தி வந்தால், கொண்டாடிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு வருஷச் செலவுக்கான பணம் இப்போதே கையில் இருக்கிறதா? ஸ்பான்சர் ஒப்பந்தம் அணி இறங்கினாலும் தொடருமா? வீரர்களுக்குச் சம்பளம் தேதிக்கு வருகிறதா?

நாலாவது கேள்வி நமக்கு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு, ஹெப்பகோடியில் ஏறி, ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறினால் கப்பன் பார்க். அங்கிருந்து கண்டீரவா ஸ்டேடியம் பக்கம்தான். நாம் கடைசியாக டிக்கெட் வாங்கி ஒரு மேட்ச் பார்த்தது எப்போது?