நூலும் இழையும் – 17: தோற்ற கம்பெனி விட்டுப்போன சொற்கள்

போன வாரம் முட்டுக்கட்டை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மறக்கவில்லை. ஒரு செயலிக்குள் பல இழைகள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியே நடக்கும் வேலைச் சரங்கள், ஓடும், திரையைத் தொடும் உரிமை அதில் ஒன்றுக்கு மட்டும்தான் என்பதுவரை வந்திருந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

முட்டுக்கட்டைக்கு இந்த வாரமும் போகப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது, அதிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டுரை செவ்வாய் காலை ஆசிரியரிடம் இருக்க வேண்டும். இப்போது திங்கள் இரவு, மணி பத்தே கால்.

அதற்கு முன்னால் என் மானம் போன கதை ஒன்று.

காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் ஒரு செயலி எழுதிக்கொடுத்தேன். பண்டல் சீட்டில் உள்ள பார்கோடை டெய்லர் போனில் காட்டினால், அன்றைக்கு அவர் தைத்த பீஸ் கணக்கு திரையில் ஏறிக்கொண்டே வரும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு அந்த எண்தான் சனிக்கிழமைச் சம்பளம். ஒரு புதன்கிழமை பேட்லாக் போடும் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, காலைல இருந்து பதினாலு பண்டல் காட்டியிருக்கனுங்க. உங்க போனு சைபர்ங்குது. என்ற சம்பளத்தையும் சேத்து அழிச்சுப் போட்டுதா?"

"இல்லீங்க்கா, கணக்கெல்லாம் பத்திரமா இருக்குதுங்க. காட்டறதுலதான் கோளாறு."

"காட்டாத கணக்கு இருந்தா என்னுங், இல்லாட்டி என்னுங்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கோளாறு என்னுடையது. எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதைச் சொல்வதற்கு இழைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையைச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்கடியில் பிறப்பது குறைவு. நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், காம்பாக்டிங் மூன்றாவது இடம், தையல் எங்கோ ஒரு பவர் டேபிளில். ஆனாலும் நிட்டிங்காரர் சாயப்பட்டறைக்குள் நுழைந்து தானே கலரைக் கலக்குவதில்லை. துணியை ஏற்றி ஒரு டி.சி. போட்டு அனுப்புகிறார். என்ன துணி, எத்தனை கிலோ, எந்த டயா, எதற்காக வருகிறது, எல்லாம் அந்த டெலிவரி சலானில். ஜி.எஸ்.டி. விதி 55 அதற்கு மூன்று பிரதி கேட்கிறது: சரக்கைப் பெறுகிறவருக்கு, வண்டிக்காரருக்கு, அனுப்பியவருக்கு. ஜாப் ஒர்க்குக்குப் போன துணி 1 வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி போடுகிறது சட்டத்தின் 143-ஆம் பிரிவு. டையிங்காரர் தமக்கு நேரம் வரும்போது அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்து வேலையைத் தொடங்குவார். அதுவரை அனுப்பியவர் வாசலில் நிற்பதில்லை. அடுத்த லாட்டுக்குப் போய்விடுகிறார்.

செயலிக்குள்ளும் டி.சி.தான். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் மெசேஜ். ஒரு மெசேஜில் இருப்பவை கொஞ்சம்தான்: என்ன வேலை என்பதற்கு ஓர் எண், துணைக்கணக்குக்கு இரண்டு எண், கூடவே ஒரு பொருள், எப்போது பிரிக்க வேண்டும், யார் பிரிக்க வேண்டும். சீட்டை வரிசையில் போடுவதும், முறை வந்ததும் பிரித்து வேலையைச் செய்வதும் ஹேண்ட்லர். அந்த வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து நீட்டிக்கொண்டே இருப்பது லூப்பர். சீட்டுகள் அடுக்கப்படுவது வந்த வரிசையில் அல்ல, பிரிக்க வேண்டிய நேர வரிசையில். 'இரண்டு விநாடி கழித்து' என்று எழுதிப்போட்ட சீட்டு, பிறகு வந்த அவசரச் சீட்டுக்கு வழிவிட்டு நிற்கும்.

லூப்பர் என்பது முடிவே இல்லாத ஒரு சுற்று. அப்படியானால் பேட்டரியைக் குடித்துத் தீர்க்காதா என்று கேட்கலாம். சீட்டு இல்லாதபோது அந்த இழை தூங்குகிறது. தூக்கம் என்றால் நிஜத் தூக்கம். புதுச் சீட்டு விழும்போது லினக்ஸ் வந்து தட்டி எழுப்பும். பிரித்து முடித்த சீட்டையும் எறிவதில்லை. துடைத்து அடுக்கி வைத்து மறுபடி பயன்படுத்துகிறது, 50 சீட்டு வரைக்கும். இந்த 50 என்ற எண்ணை மனதில் வைத்திருங்கள், என் அவமானத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

சரி, ஞாயிற்றுக்கிழமை கண்டதற்கு வருகிறேன்.

லூப்பர், ஹேண்ட்லர், மெசேஜ் என்ற மூன்று சொற்களும் கூகுளில் பிறந்தவை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை. அவை 2001-இல் நொடித்துப்போய் விற்கப்பட்ட ஒரு கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனியின் பெயரை ஒலிக்கிறபடி தமிழில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆகவே பி-இ என்று எழுதுகிறேன். என்ஜினியரிங் பட்டம் போல இருந்தாலும் பரவாயில்லை.

ஆப்பிளில் பெரிய பதவியில் இருந்த ழான்-லூயி கஸ்ஸே என்ற பிரெஞ்சுக்காரர் 1990-இல் வெளியேறித் தொடங்கியது அது. 1995-இல் ஒரு கணினியை வெளியிட்டார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு பிராசஸர், அந்தக் காலத்தில் வீட்டுக் கணினிக்கு அது ஆடம்பரம். பெட்டியின் முகப்பில் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக விளக்கு வரிசை. எந்தப் பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று அந்த விளக்குகள் ஏறி இறங்கிக் காட்டும். படத்தைப் பார்த்ததும் எனக்கு நிட்டிங் மிஷின் ஞாபகம்தான் வந்தது. 30 இஞ்ச் டயா மிஷினில் 90 ஃபீடரை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு காவல். ஒன்று அறுந்தால் போதும், விளக்கு எரியும், மிஷின் முழுக்க நிற்கும். நிட்டிங் ஆபரேட்டர் சத்தத்தையும் விளக்கையும் வைத்தே பத்து மிஷினைப் பார்த்துக்கொள்வார். அப்படி விளக்கு வைத்து இழைகளைக் கண்ணுக்குக் காட்டிய கணினி ஒன்று இருந்தது என்பதே எனக்குப் புதுச் செய்தி. இன்றைய போனில் எத்தனை இழை ஓடுகிறது என்று சொல்ல ஒரு விளக்குக்கூட இல்லை.

அந்தக் கணினிக்காக அவர்கள் எழுதிய இயங்குதளத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி இழை, தனி வரிசை. ஜன்னல் என்றாலே அது ஒரு பி-லூப்பர். வேலை செய்கிறவர் பி-ஹேண்ட்லர், சீட்டு பி-மெசேஜ். ஒரு ஜன்னல் திணறினாலும் பக்கத்து ஜன்னல் கவலையில்லாமல் ஓடும். ஒரே நேரத்தில் பல வீடியோக்களை ஓட்டிக்காட்டி ஆட்களை அசத்துவார்களாம்.

1996-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்குப் புது இயங்குதளம் தேடியது. பி-இயிடம் பேசியது. விலை படியவில்லை. அந்த டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தது. அதோடு பி-இயின் கதை இறங்குமுகம். 2001-இல் பாம் கம்பெனி அதை வாங்கியபோது விலை 11 மில்லியன் டாலர்.

கம்பெனி போனாலும் ஆட்கள் போகவில்லை. பி-இயில் வேலை பார்த்த டயான் ஹாக்போர்ன் உள்ளிட்ட சிலர் பாம் வழியாக ஆண்ட்ராய்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சொற்களையும் எடுத்து வந்தார்கள். ஒரு செயலி இன்னொரு செயலியோடு பேச ஆண்ட்ராய்டில் பைண்டர் என்று ஒன்று இருக்கிறது, அதன் வேரும் பி-இயில்தான். நெக்ஸ்ட் பக்கம் பாருங்கள்: ஐபோனுக்கு எழுதப்படும் நிரல்களில் என்.எஸ். என்று தொடங்கும் பெயர்கள் இன்றும் கிடக்கின்றன; அவை நெக்ஸ்ட் காலத்து மிச்சம். 1996-இல் ஆப்பிள் வாங்கியதன் வாரிசு ஐபோனில் இருக்கிறது, வேண்டாம் என்று விட்டதன் வாரிசு ஆண்ட்ராய்டில் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ்தானே என்று நிரலாளர்கள் கடிதம் எழுத வேண்டாம், தெரியும். ஆனாலும் தோற்ற கம்பெனியின் அகராதியை வைத்து உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட போன்கள் ஓடுகின்றன என்பதை ஞாயிறு மதியத்திலிருந்து வீட்டில் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நேற்று மாலையோடு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

சொற்களை எடுத்துக்கொண்ட ஆண்ட்ராய்டு, ஜன்னலுக்கு ஓர் இழை என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செயலியின் திரை முழுதுக்கும் ஒரே இழை. நல்ல முடிவு என்பேன். ஏன் என்று 2004-இல் சன் நிறுவனத்தின் கிரகாம் ஹாமில்டன் விளக்கினார். விரல் தொட்ட செய்தி கீழே வன்பொருளிலிருந்து மேலே ஏறி வருகிறது. 'இந்தப் பொத்தானை மாற்று' என்ற கட்டளை செயலியிலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் வழியில் பூட்டுப் போட்டுக்கொண்டே வந்தால் நடுவில் முட்டிக்கொள்ளும். ஒருவர் கையில் மேல் பூட்டு, மற்றவர் கையில் கீழ்ப் பூட்டு, இருவருக்கும் அடுத்தவருடையது வேண்டும். இதுதான் முட்டுக்கட்டை. பார்த்தீர்களா, சொன்ன வாக்கில் ஒரு பத்தியைக் காப்பாற்றிவிட்டேன்.

தையல் மிஷினில் இந்தக் குழப்பமே கிடையாது. ஓடுகிற ஊசிக்கடியில் டெய்லர் கை மட்டும்தான். கைமடிக்கிறவர் பீஸை எடுத்து வைப்பார், தைத்ததை வாங்கி மடிப்பார், பிரஷர் ஃபுட்டுக்குக் கீழே விரல் நீட்டமாட்டார். ஆண்ட்ராய்டில் வேறோர் இழை திரையைத் தொட்டால் செயலி அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இந்த ஜன்னலை எழுப்பிய இழைதான் இதைத் தொடலாம் என்று ஒரு பிழைச் செய்தி வரும். முதல்முறை பார்த்தபோது எரிச்சலாக இருந்தது, இப்போது மரியாதை வந்துவிட்டது.

திரை இழைக்கும் சும்மா இருக்க நேரமில்லை. விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒரு முறைக்குக் கிடைப்பது 16.6 மில்லிவிநாடி. நெட்டில் தகவல் இறக்குவது, பெரிய கணக்குப் போடுவது எல்லாம் அதன் தலையில் ஏறினால் தொங்கிவிடும். விரல் தொட்டு 5 விநாடி பதில் இல்லாவிட்டால் 'காத்திருக்கிறீர்களா, மூடிவிடலாமா' என்று ஆண்ட்ராய்டே குறுக்கே வந்து கேட்கும். ஆகவே கனமான வேலை பின்னணி இழைக்கு. முடிவு மட்டும் சீட்டாகத் திரை இழைக்கு. ஐபோனிலும் இதே நியாயம்தான். அங்கே வரிசைகளை மேய்க்கும் ஏற்பாட்டுக்கு நியூயார்க் ரயில் நிலையமான கிராண்ட் சென்ட்ரலின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத ஆசை.

இப்போது என் சைபருக்கு வருகிறேன்.

என் செயலியில் பின்னணி இழை பண்டல்களின் பட்டியலைத் தயார் செய்யும். அந்தப் பட்டியலை ஒரு மெசேஜில் வைத்துத் திரை இழைக்கு அனுப்பும். அனுப்பிய கையோடு, அடுத்த முறைக்குப் புதிதாக ஒன்று எதற்கு, இதையே துடைத்துப் பயன்படுத்தலாமே என்று நான் சிக்கனம் பார்த்தேன். அந்த 50 சீட்டுச் சிக்கனத்தைப் படித்த மயக்கம். ஆனால் ஆண்ட்ராய்டு சீட்டைத் துடைப்பது பிரித்து முடித்த பிறகு. நான் துடைத்தது பிரிப்பதற்கு முன்னால். மெசேஜில் போவது பட்டியலின் நகல் இல்லை, அதே பட்டியல். டி.சி. போட்டு வண்டி கிளம்பியபின், பின்னாலேயே ஓடிப்போய்த் துணியை உருவிக்கொண்டு வந்திருக்கிறேன். டையிங்காரர் கையில் சீட்டு இருக்கிறது, துணி இல்லை.

என் மேஜையில் இது ஒருமுறைகூடத் தவறவில்லை. என் போன் வேகமானது, நான் துடைப்பதற்குள் திரை இழை படித்துவிடும். தையல் செக்‌ஷனில் கொடுத்திருந்தது பழைய போன். அங்கே துடைக்கும் கை முந்திக்கொண்டது. திருத்தம் ஒரே வரி: ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல். அனுப்பியதைப் பிறகு தொடுவதில்லை.

வெள்ளிக்கிழமை அக்காவின் போனில் எண் சரியாக ஏறியது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து மிஷின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஒரு பண்டலுக்கு ஒரு கோடு. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முட்டுக்கட்டை அடுத்த வாரம். 1997-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர், இழைகள் ஒரு பூட்டுக்காகக் காத்துக் கிடந்ததால் திரும்பத் திரும்பத் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்ட கதையும் அதோடு வரும். அது முட்டுக்கட்டைதானா என்பதில் ஒரு வழக்கு இருக்கிறது. நீங்களும் ஒன்று செய்யுங்கள். பணம் வந்தால்தான் நூல் என்று மில்லும், சரக்கு போனால்தான் பணம் என்று கம்பெனியும் நிற்கிற மாதிரி, இரண்டு பக்கமும் அசையாமல் நின்ற உங்கள் அனுபவம் எதுவானாலும் ஊர், பெயர் இல்லாமல் எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் வந்தால் சேர்த்துவிடுவேன்.