கத்தியை எடுத்துக் கொடுத்தால் கொலை நிரூபணமாகிவிடுமா?

ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1-இல் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. மாநிலங்களுக்கு அதிகபட்சம் ஐந்தாண்டு அவகாசம். 2029 நடுவில் கெடு முடிகிறது. இனி எல்லாம் அறிவியல் முறை என்கிறது அரசு. சட்ட மாணவர்கள் எழுதும் கடிதங்களிலோ பழைய குழப்பமே தொடர்கிறது: போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றால், 'வாக்குமூலத்தின்பேரில் கத்தி பறிமுதல்' என்று செய்தி வருகிறதே, எப்படி?

பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுதான் அதற்கு வழி. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தில் அது 23-ஆவது பிரிவுக்குள் போய்விட்டது, சங்கதி மாறவில்லை. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகும்.

எந்தப் பகுதி? விடுதலைக்குச் சற்று முன், குண்டூர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொடங்கிய புலுகுரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் கோடு கிழித்தது. 'நான் குத்திய கத்தியைக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் சொல்கிறார். கூரையும் ஒளித்ததும் செல்லும். 'நான் குத்திய' செல்லாது. கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பது மட்டுமே இதில் நிரூபணமாகிறது. கொலை அதே கத்தியால்தான் நடந்தது என்பதை ரத்தமும் காயமும் டாக்டரும் தனியே சொல்ல வேண்டும்.

நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் அந்த வாக்கியம் பிறப்பது போலீஸ் காவலில். பறிமுதலை வீடியோ எடுப்பதைப் புதிய நடைமுறைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது; அதற்கு முந்தைய மணி நேரங்களில் நடந்ததை அந்த வீடியோ காட்டாது. இரண்டு சுயேச்சையான சாட்சிகளை முதலில் ஸ்டேஷனுக்கே வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் காவலில் இருப்பவர் சொல்லும் வார்த்தைகளை அப்படியே பதிய வேண்டும் என்று சுப்ரமண்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. 'தானாக முன்வந்து சொன்னார்' என்று மகஜரில் இருந்தால், அதைக் காதால் கேட்ட சாட்சி யார் என்பதைத்தான் மாணவர் முதலில் தேட வேண்டும்.

கடிதங்களில் வரும் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக: கொலை வழக்கில் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால்? ஜாமீன் கேட்க உரிமை உண்டு, வழக்கு நிற்காது.

செல்போன் டவர்? போன் இருந்த பகுதியைத் தோராயமாகக் காட்டும். யார் கையில் இருந்தது என்று காட்டாது.

உண்மை கண்டறியும் சோதனை? சம்மதமின்றிக் கூடாது என்றது 2010-இல் செல்வி வழக்குத் தீர்ப்பு. சம்மதித்தாலும் சோதனை முடிவு தன்னளவில் சாட்சியமாகாது. அதன்மூலம் பிறகு ஏதாவது கிடைத்தால், அதே பழைய 27-ஆவது, இன்றைய 23-ஆவது பிரிவின் வழியாக ஏற்கலாம்.