காரைத் தாழ்த்தும் மோகம்! ஸ்பிரிங்கை வெட்டினால் உயிருக்கு உலை!!

பார்க்கச் சிறுத்தை மாதிரி இருக்க வேண்டும். தரையோடு தரையாகப் பாய வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வாலிபர்களுக்கு அடுத்து வரும் ஆசை இதுதான். டயருக்கும் அதன் மேலே உள்ள வளைவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி தெரிந்தால் போதும், சிலருக்குத் தூக்கமே வராது.

சென்னையில் இந்த ஆசைக்கு மருந்து தேடுபவர்கள் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மற்றொன்று, பழைய கார் பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டை. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"அண்ணே, வண்டி ஒட்டகம் மாதிரி நிக்குது. கொஞ்சம் இறக்கிக் குடுங்க."

"எவ்ளோ தம்பி இறக்கணும்?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ!"

இந்த "எவ்ளோ முடியுமோ அவ்ளோ"வில்தான் வம்பே இருக்கிறது.

என்ன லாபம்?

காரைத் தாழ்த்துவது வெறும் அழகுக்காக மட்டும் அல்ல. அதில் உண்மையான லாபமும் உண்டு.

மாநகர பஸ் வேகமாக வளைவில் திரும்பினால் நின்றுகொண்டு போகிறவர் தடுமாறுவார். உட்கார்ந்திருப்பவர் அவ்வளவாக அசைய மாட்டார். காரும் அப்படித்தான். அதன் பாரமெல்லாம் சேரும் மையம் உயரத்தில் இருந்தால், வளைவில் எடை அதிகமாக வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஓடும். உள்பக்கச் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்.

அந்த மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை 3 சென்டிமீட்டர் இறக்கினால், பக்கவாட்டில் ஓடும் எடை நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். பந்தயத்தில் இது பெரிய விஷயம்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓடும் கார்கள் தரையை ஒட்டி இருப்பது இதனால்தான். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் பறந்த பந்தயக் கார்களும் அப்படித்தான் இருந்தன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பந்தயத் தளத்தில் வேகத்தடையும் கிடையாது, பள்ளமும் கிடையாது!

குட்டை ஸ்பிரிங்

காரைத் தாழ்த்த முறையான வழி, அந்த மாடலுக்கென்றே தயாரான குட்டை ஸ்பிரிங்குகளை நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் போடுவது. 1951-ல் தொடங்கிய ஜெர்மனியின் 'ஐபாக்' போன்ற கம்பெனிகள் இவற்றைச் செய்கின்றன. பெரும்பாலும் இரண்டரை முதல் 4 சென்டிமீட்டர் வரைதான் இவை காரை இறக்கும்.

இந்த ஸ்பிரிங் உயரத்தில் குறைவு, விறைப்பில் அதிகம். காரணம் இருக்கிறது. காரை இறக்கியதும், சக்கரம் மேலே ஏறி இறங்கும் தூரம் சுருங்கிவிடுகிறது. அந்தக் குறைந்த தூரத்துக்குள் அதே பள்ளத்தின் அடியைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருந்தே ஆக வேண்டும். அதை அடக்கும் ஷாக் அப்சார்பரும் அதற்கு ஈடுகொடுப்பதாக இருக்க வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரில் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால், கார் மேட்டைத் தாண்டிய பிறகும் குதித்துக்கொண்டே போகும்.

வெட்டினால்...

செலவுக்குப் பயந்து சிலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எறிவது அந்த வழி. ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகி இடம் மாறிவிடலாம்.

கேஸ் வைத்துச் சூடேற்றித் தாழ்த்துவது இன்னும் மோசம். சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். இன்றைக்கு இரண்டு விரல் இறங்கிய கார் அடுத்த மாதம் நாலு விரல் இறங்கும். பிறகு ஒருநாள் ஸ்பிரிங் ஒடியும். அது எந்த இடத்தில், எந்த வேகத்தில் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரப்பர் கட்டை

சக்கரம் எல்லை மீறி மேலே ஏறாமல் தடுக்க ஒரு ரப்பர் கட்டை உண்டு. அளவுக்கு மேல் தாழ்த்திய கார் சின்னப் பள்ளத்திலும் இந்தக் கட்டையில் போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத கணக்குத்தான். வளைவில் திரும்பும்போது இப்படி இடித்தால் டயரின் பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும். மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, அளவுக்கு மேல் தாழ்த்தும்போது மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அதனால் சில கார்கள் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயும். சாய்வைக் குறைக்கப் பணம் கட்டியவருக்குச் சாய்வு கூடியதுதான் மிச்சம்!

10 சென்டிமீட்டர் மேடு

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். எல்லா வேகத்தடையும் இந்த அளவில் இல்லை என்பது தினமும் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்.

தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே 16 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள காரை 4 சென்டிமீட்டர் இறக்கினால் மிச்சம் 12. நாலு பேர் ஏறி, பின்னால் பெட்டியும் வைத்தால் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போய்விடும். அப்புறம் வேகத்தடையில் உரசுவது என்ஜின் ஆயில் தொட்டி. அது விரிசல் விட்டு ஆயில் கொட்டியது தெரியாமல் ஓட்டினால் என்ஜினே நாசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் காரைத் தாழ்த்தத் தடை இல்லை. ஆனால் ஸ்பிரிங்குக்குப் பரிசோதனைச் சான்று வேண்டும். பொருத்திய பிறகு நிபுணர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் வந்த திருத்தம் இன்னும் கடுமை. விதிகள் அனுமதிக்காத முறையில் உரிமையாளர் பாகங்களை மாற்றிப் பொருத்தினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு!

இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாசாரம் என்று சும்மா இருந்துவிட முடியாது. தாழ்த்திய கார் நாளைக்குப் பழைய கார் மார்க்கெட்டுக்கு வரும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அதை வாங்குகிறவர் ஒரு குடும்பஸ்தராக இருக்கலாம்.

வாங்கும் முன் டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் புதிது போலவும் உள்பக்கம் மொட்டையாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். தாழ்த்தியபின் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டிய காராக இருக்கலாம். காரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, ஸ்பிரிங்கின் முனையில் வெட்டுத் தடம் இருக்கிறதா, ஆயில் தொட்டியில் உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்பிரிங் எங்கே என்றும் கேளுங்கள். முறையாக மாற்றியவர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார். வெட்டியவரிடம் பதில் இருக்காது.

வேலை தெரிந்த மெக்கானிக் "எவ்ளோ முடியுமோ அவ்ளோ" என்று இறங்க மாட்டார். "தம்பி, வண்டியில எத்தினி பேரு போவீங்க? எந்த ரோட்ல போவீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். அப்படிக் கேட்பவரிடம் காரை விடலாம். கேட்காமல் கட்டிங் மெஷினை எடுப்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதே மேல்.