கொடுமுடி சுந்தராம்பாளும் தமிழ் இசைநாடக மேடையும்

இயல், இசை, நாடகம் என்னும் மூன்றனையும் முத்தமிழ் என ஒருங்கே போற்றுவது நம் மரபு. ஆயினும் அம்மூன்றும் ஒரே நிகரான பெருமையைப் பெற்றில. இயற்புலவனுக்குப் பட்டமும் இசைவாணனுக்குப் பொன்னாடையும் அளித்த உலகம், நாடகம் ஆடுவோனைக் கூத்தாடி என்றே நெடுங்காலம் இகழ்ந்து வந்தது. ஆடுவோர் பெண்ணாயின் அவ்விகழ்ச்சி இருமடங்காயிற்று. இரவு முழுதும் கண்விழித்து அவள் பாட்டிற்குத் தலையசைத்தவர்களே, பொழுது புலர்ந்தபின் அவளை மதித்து ஒரு சொல் சொல்லத் தயங்கினர். இத்தகைய உலகில் ஒரு பெண் தன் குரல் ஒன்றனையே முதலாகக் கொண்டு மேடையேறி, வாழ்ந்து, நாட்டின் மதிப்பையும் பெற்றது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக நிற்பது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேடையும் மகளிரும் பற்றிய இச்சிக்கல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியரின் புகழ்பெற்ற கபுகி நாடகத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கியோத்தோ நகரில் ஆடித் தொடங்கியவள் ஒகுனி என்னும் ஒரு பெண்ணே. எனினும் 1629-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு மகளிர் மேடையேறுதலையே தடுத்துவிட்டது. அதன்பின் ஆடவரே பெண் வேடமும் புனைந்தனர். இருநூற்றெண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1914-இல், தகரசூகா என்னும் ஊரில் மகளிர் மட்டுமே நடிக்கும் இசைநாடகக் குழுவொன்று தன் முதல் நாடகத்தை ஆடியது. அதனை நிறுவியவர் கொபயாஷி இச்சிசோ என்னும் இரயில்வே முதலாளி. அக்குழுவில் ஆடவர் வேடத்தையும் மகளிரே பூணுவர். ஆயின் அங்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: நடிகை மணம் புரிந்துகொண்டால் குழுவை விட்டு நீங்குதல் வேண்டும். மேடையும் மனைவாழ்வும் ஒருங்கு பொருந்தா என்னும் கருத்தே அவ்விதியின் அடிப்படை போலும்.

நம் நாட்டு நிலையும் ஏறக்குறைய அதுவே. தென்னேரியைச் சூழ்ந்த காஞ்சி நாட்டுச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவில் நிகழும் பாரதக் கூத்தை நாம் அறிவோம். அதில் பாஞ்சாலியாகக் கூந்தல் விரித்து நிற்பவன் ஆண்மகனே. நகரங்களில் எழுந்த நாடகக் கம்பெனிகளிலும் நிலை வேறாக இருந்ததில்லை. இசைநாடகத்தின் தலைமை ஆசிரியராகப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவரைக் கொண்டே நாடகக் குழு அமைத்துப் பயிற்றினார். மீசை அரும்பாத சிறுவர் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் தோன்றினர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் மகளிரையே கொண்டு ஒரு கம்பெனி நடத்தியது பெருவியப்பாகப் பேசப்பட்டது. பெண் மேடையேறுதல் அரிது என்பதற்கு அவ்வியப்பே சான்றாகும்.

மகளிர் தனித்து நின்று புகழ்பெற இடம் தந்தது ஸ்பெஷல் நாடகம் என வழங்கும் முறையேயாம். அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் தகும். கம்பெனியில் நடிகர் அனைவரும் ஒருங்கு வாழ்ந்து, ஒத்திகை பார்த்து, ஆசிரியர் சொற்படி நடிப்பர். ஸ்பெஷல் நாடகத்திலோ ஒத்திகை என்பதே இல்லை. ராஜபார்ட் ஓரூரினின்றும், ஸ்திரீபார்ட் மற்றோரூரினின்றும், பபூன் வேறோரூரினின்றும் வருவர். அன்றிரவு மேடையிலேயே சந்திப்பர். அவர்களை இணைப்பது யாது? வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களின் பாட்டும் வசனமும் எல்லார்க்கும் மனப்பாடம் ஆயிருந்தமையே. காஞ்சித் தறியில் உடல் ஒரு நாடாவாலும் கரை வேறொரு நாடாவாலும் நெய்யப்பெறினும், கோர்வையிட்ட இடத்தில் இரண்டும் பிரியாது பிணைந்து நிற்றலை நாம் காண்கிறோம். ஸ்பெஷல் நாடகமும் அத்தகையதே. கதை பாவாக விரிந்து கிடக்கும். நடிகரின் பாட்டும் வாதமும் ஊடையாக ஓடும்.

இம்முறையில் நடிகர்க்குக் கூலி அவரவர் பெயரளவே. நன்கு பாடுவோரை ஊர்தோறும் அழைப்பர். பாடாதாரை மறுமுறை அழையார். ஆதலால் கம்பெனி முதலாளியின் நிழலில் ஒதுங்காமலே ஒரு பெண் பொருளீட்ட வழி பிறந்தது. அதே காரணத்தால், அவளைக் காப்பாரும் எவருமிலர். குரல் கம்மிய நாளே வருவாய் அற்ற நாளாகும்.

இத்தகைய மேடைக்கு வந்தவர் சுந்தராம்பாள். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டில் வறிய குடும்பத்திற் பிறந்தார். தாயார் பாலாம்பாள். இளமையில் இரயில் வண்டியில் பாடிப் பிறர் ஈந்த காசால் வீட்டிற்குதவிய அச்சிறுமியின் குரலை, இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமாகிய எப். ஜி. நடேச ஐயர் கேட்டு வியந்து, மேடைக்கு வழிகாட்டினார் என்பது வழங்கி வரும் வரலாறு. பின்னர் வேலு நாயர் கம்பெனியிற் சேர்ந்து சிறுவர் வேடங்கள் தாங்கினார். தகரசூகாவை ஒரு புகைவண்டி முதலாளி தோற்றுவித்ததும், கொடுமுடிக் குயிலை ஒரு புகைவண்டி வெளிப்படுத்தியதும் ஒப்பு நோக்கத்தக்கன. ஊரூராகச் சென்று நடித்த அக்கால நாடகத்திற்கு இருப்புப்பாதை உயிர்நாடியாக விளங்கியது.

அக்காலத்து மேடையில் ஒலிபெருக்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டல் வேண்டும். ஆகவே உச்ச சுருதியிற் பாடுதல் நடிகர்க்கு அணியன்று, இன்றியமையாத தேவை. ஆர்மோனியத்தின் முதல் வெண்கட்டையை ஆதாரமாகக் கொள்வது ஒரு கட்டை சுருதி. ஐந்தாவதைக் கொள்வது ஐந்து கட்டை சுருதி. பொதுவாக ஆடவர் ஒன்று இரண்டு கட்டையிலும் மகளிர் நான்கு ஐந்து கட்டையிலும் பாடுவர். இருவரும் ஒரே மேடையில் மாறி மாறித் தர்க்கப் பாட்டுப் பாடுங்கால் இவ்வேறுபாடு பெரும் இடராகும். ஒருவர்க்கேற்ற சுருதி மற்றவரைத் திணறச் செய்யும்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) இவ்விடரைக் கடந்தவர். மகளிர்க்குரிய உயர்ந்த சுருதியிலும் தளராது பாடவல்ல ஆடவர் அவர். 1926-ஆம் ஆண்டளவில் இலங்கையில் அவரும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்தனர். இரு பெருங்குரல்களும் ஒரு சுருதியில் எதிரெதிர் நின்று பொருதபோது, தோற்றல் அஞ்சி ஒவ்வொருவரும் தம் ஆற்றலை மிகுவித்தனர். அதனால் நாடகம் வென்றது. தமிழ்நாடெங்கும் அவ்விணையின் புகழ் பரவியது. 1927-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அம்மணம் இன்பமே நிறைந்ததெனக் கூறுதல் இயலாது. கிட்டப்பாவிற்கு முன்னரே மணமாகியிருந்தது. குல வேறுபாடும் இடைநின்றது. பிரிவும் பிணக்கும் நேர்ந்தன. நடிகையை மனைவியென ஏற்க உலகம் எளிதில் இசையவில்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இருபத்தேழே வயதினராகிய கிட்டப்பா உயிர்நீத்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்றுமுதல் வெண்ணிற ஆடையே உடுத்தார். இனி எந்த ஆடவனோடும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

இவ்விடத்தே நாம் நின்று எண்ணுதல் வேண்டும். இணைப்பாத்திரம் இன்றி இசைநாடகத்தில் ஒரு பெண் எங்ஙனம் பிழைத்தல் கூடும்? வள்ளிக்கு வேலன் வேண்டும். சாவித்திரிக்குச் சத்தியவான் வேண்டும். காதலி வேடம் ஒழிந்தால் தொழிலே ஒழிந்ததாகும் எனப் பலர் கருதியிருப்பர். சுந்தராம்பாளோ வேடத்தை மாற்றித் தொழிலைக் காத்துக்கொண்டார். பக்தர் நந்தனாராக ஆண்வேடம் பூண்டு தோன்றினார். 1935-இல் அக்கதை திரைப்படமான போது அவரே நந்தனார். இசைமேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியர். அப்படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஓரிலக்கம் ரூபாய். அந்நாளில் அது கேட்டாரை மலைக்கச் செய்த தொகை. படத்தைக் கல்கி கடுமையாகக் குறைகூறி எழுதினார் என்பதையும் மறைத்தற்கில்லை. மேடையில் தொலைவிலிருந்து கேட்ட குரலுக்கு முகபாவம் தேவைப்படவில்லை. திரையில் முகமே அருகில் வந்து நிற்கின்றது. மேடைக் கலைஞர் திரைக்கு வருங்கால் நேரும் இடையூறு இஃது.

அவர் குரலுக்கு மற்றொரு களமும் வாய்த்தது. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தால் ஆங்கில அரசு நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரம் பெற்றிருந்தது. நடிகரோ புராணக் கதைக்குள்ளேயே தேசியத்தைப் புகுத்தினர். வள்ளி தினைப்புனத்திற் பறவை ஓட்டும் பாட்டில் வெள்ளைக் கொக்கை விரட்டுவதுபோல வெள்ளையரை விரட்டிப் பாடியவர் விஸ்வநாத தாஸ். 1940-இல் மேடையிலேயே உயிர்நீத்தவர். இம்மரபில் வந்த சுந்தராம்பாளைத் தலைவர் சத்தியமூர்த்தி காங்கிரஸ் மேடைக்கு அழைத்தார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பாட்டைக் கேட்கவே மக்கள் திரண்டனர். பாட்டோடு கட்சியின் செய்தியும் அவர்கள் செவியிற் புகுந்தது. கூத்தாடி என இகழப்பட்ட ஒருத்தியின் துணையைக் கற்றறிந்த தலைவர்கள் நாடி நின்றனர். அவரும் 1950-களில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார்.

நந்தனாரை அடுத்து, 1940-இல் மணிமேகலையிலும், 1953-இல் எஸ். எஸ். வாசனின் ஔவையாரிலும் அவர் நடித்தார். நாற்பத்தைந்தாம் அகவையில் தமிழ் மூதாட்டியாகக் கோலூன்றி வந்தபோது அவர் புகழ் உச்சியை எட்டியது. பின்னர்ப் பூம்புகாரில் (1964) கவுந்தி அடிகள், திருவிளையாடலில் (1965) மீண்டும் ஔவை, 1973-இல் காரைக்கால் அம்மையார். இவ்வேடங்களை நிரல்படுத்திப் பார்ப்பின் ஓருண்மை புலனாகும். இவையனைத்தும் துறவியர் அல்லது அடியார் வேடங்களே. இருபத்தைந்தாம் வயதில் பூண்ட உறுதியை அவர் சிதைக்கவில்லை. அவ்வுறுதிக்குள்ளேயே நாற்பதாண்டுக் கலைவாழ்வை அமைத்துக்கொண்டார். துணைவன் என்னும் படத்திற் பாடியமைக்காக 1969-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார். 1980-இல் மறைந்தார்.

அவர் வாழ்வைப் புகழ்வோர் பலரும் கணவர்மீது கொண்ட பற்றையே பெரிதெனக் கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வளவில் நிறுத்திவிடின் அவருடைய அறிவுத்திறன் மறைந்துபோகும். தகரசூகா நடிகை மணத்தின்போது மேடையை விடுகின்றாள். நம் நாட்டிலோ கணவனை இழந்தவள் எல்லாவற்றையும் விடுதல் வேண்டும் என எதிர்பார்த்தனர். சுந்தராம்பாள் உலகம் விதித்த வெள்ளுடையை உடுத்தார். உலகம் விதித்த மூலையில் மட்டும் அமர மறுத்தார். அவ்வுடையோடே மேடையேறி, பல்லாயிரவர்முன் பாடிப் பொருளீட்டி, சட்டமன்றத்திலும் அமர்ந்தார். இது பற்று மட்டுமன்று. ஆண்மையினும் மிக்க திண்மை.

இன்று அவர் நின்ற கொட்டகைகள் பல இல்லை. எனினும் அவர் திறந்த வழி அடைபடவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாகத் தோன்றுவோர் பெண்களே. நம் காஞ்சிபுரத்திலும் 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் நடத்திய குருகுலத்தில் சிறுமியரும் சிறுவரோடு கூத்துப் பயின்றனர். ஆடவர்க்கே உரியதாயிருந்த கிரீடத்தையும் புயக்கட்டையையும் அணிந்து ஆடினர். இரவில் மகிழ்ந்து கேட்டுப் பகலில் இகழும் அப்பழைய வழக்கம் நம்மிடமிருந்து முற்றும் நீங்கியதா என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவிக்கொள்வாராக. நாடகத்தமிழை நூலளவில் மட்டும் கற்றல் போதாது. அதனைத் தம் குரலால் உயிர்ப்பித்தோரையும் மதித்தலே முத்தமிழ் கற்றார்க்கு அழகாகும்.