குழாய்க்குள் திரும்பி ஓடும் தண்ணீர்

திண்டுக்கல்லில் தண்ணீர் விடும் நாளன்று தெருக்குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும். குழாய் சீறும், இருமும், பிறகு ஒரு வாளி கலங்கலைக் கக்கும். அதைக் கொட்டிவிட்டுத்தான் குடம் வைப்பார்கள். ஆத்தூர் காமராஜர் அணை, வைகையின் பேரணை, காவிரி என்று தொலைவிலிருந்து வரும் இந்தத் தண்ணீர், குளோரின் கலந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியில் தெளிவாக இருந்தது தெருவில் ஏன் கலங்குகிறது? குழாயின் துருவும் வண்டலும் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. குழாய் காலியாகக் கிடந்த நாட்களில் வெளியே இருந்த தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

இதைப் பொறியாளர்கள் பின்னோட்டம் என்கிறார்கள். தண்ணீருக்கு ஊரிலிருந்து வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. எங்கே அழுத்தம் குறைகிறதோ அந்தப் பக்கம் போகும். வால்வு திறந்திருக்கும் வரை குழாய்க்குள் அழுத்தம் அதிகம். ஓட்டை இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். வால்வை மூடியதும் நிலைமை மாறிவிடுகிறது. மேட்டுத் தெருக் குழாயில் மிஞ்சிய தண்ணீர் பள்ளத் தெருவுக்கு இறங்கும். இறங்கும்போது பின்னால் விடும் வெற்றிடம், கிடைத்த துளை வழியாக எதையும் உறிஞ்சும். துளைக்குப் பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடையை உறிஞ்சும்.

தெருவில் நடந்தால் இதற்கான வழிகளை நாமே பார்க்கலாம். தண்ணீர் மேலே ஏறாத தெருக்களில் வாசலில் ஒரு முழம் குழி தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி வைத்திருப்பார்கள். குடம் அந்தக் குழிக்குள் இறங்கும். தண்ணீர் நின்றபின் கழுவின தண்ணீரும் மழைத் தண்ணீரும் அதே குழியில் தேங்கும். குழாய் வாய் அதில் மூழ்கிக் கிடக்கும். சில இடங்களில் வாயில் ஒரு துண்டு டியூபும் தொங்கும். அந்தக் குழாய் அப்போது தெருவுக்கு அடியில் வைத்த உறிஞ்சு குழலாகிவிடுகிறது.

அதைவிடக் கொடியது வீட்டு இணைப்பில் நேராக மாட்டும் மோட்டார். மோட்டார் ஓடும்போது அந்தத் தெருக் குழாயிலேயே அழுத்தம் விழுகிறது. அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. ஓட்டை வழியாகக் கழிவுநீரையும் அதே மோட்டார் இழுக்கிறது, அதை மாட்டியவர் வீட்டுக்கே முதலில் இழுக்கிறது என்பதுதான் சொல்லப்படாத செய்தி. மாநகராட்சிகள் மோட்டார்களைப் பறிமுதல் செய்வது சரியே. ஆனால் கடைசி வீடு வரை அழுத்தம் கொடுக்காமல் பறிமுதல் மட்டும் செய்தால், அடுத்த வாரம் இன்னொரு மோட்டார் வரும்.

திண்டுக்கல்லுக்கு என்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் சுற்றுவட்டார நிலத்தடி நீரை உப்பாக்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் கழிவால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லையும் சேர்த்தே பேசியது. அதனால் பல வீடுகளில் இரண்டு தண்ணீர்: குடிக்க நல்ல தண்ணீர், புழங்க போர் தண்ணீர். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் இருக்கும் வரை கவலை இல்லை. நல்ல தண்ணீர் வராத நாளில் உதவுமே என்று பிளம்பர் இரண்டையும் ஒரு கேட் வால்வு போட்டு இணைத்துவிட்டால், அன்று முதல் ஊர்க் குழாய்க்கும் உங்கள் போருக்கும் நடுவே இருப்பது அந்த வால்வின் தேய்ந்த தகடு மட்டும்தான். போர் மோட்டார் ஓடும்போது தெருக்குழாய் காலியாக இருந்தால் உப்புத் தண்ணீர் தெருவுக்கே போகும். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் தோல் கழிவின் குரோமியமும் போகாது.

ஒரு வால்வு என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தின் நோக்கியா நகரில் 2007 நவம்பரில் கழிவுநீர் நிலையத்துக்குள் இரண்டு குழாய்களை இணைத்திருந்த ஒரு வால்வு திறக்கப்பட்டது. சுமார் 450 கன மீட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்து, ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அமெரிக்காவின் வொர்செஸ்டர் நகரில் 1969இல் நடந்ததற்கு வால்வுகூடத் தேவைப்படவில்லை. ஹோலி கிராஸ் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய், தரைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருந்தது. மஞ்சள் காமாலை கண்ட பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில் விளையாடியிருந்தார்கள். நகரில் ஒரு வீடு தீப்பிடிக்க, தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை இழுத்ததில் குழாயின் அழுத்தம் விழுந்து, பள்ளத்து நீர் உள்ளே போனது. கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. நம் வாசல் குழியும் அந்தப் பள்ளமும் ஒன்றேதான்.

தடுப்பதற்கான வழி மலிவானது. தொட்டியில் விழும் குழாயின் வாய், தண்ணீர் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத காற்று இடைவெளி. இடையில் காற்று இருந்தால் தண்ணீர் திரும்பி ஏற வழியே இல்லை. மோட்டார் வேண்டுமா, தெருத் தண்ணீர் தானாக சம்ப்புக்குள் விழட்டும். சம்ப்பிலிருந்து மோட்டார் ஏற்றட்டும். சம்ப்பின் வாய் தரைக்கு மேலே உயர்ந்து, மூடியும் இருக்க வேண்டும். போர் தண்ணீரும் நல்ல தண்ணீரும் எந்த இடத்திலும் குழாயால் சேரக் கூடாது. ஒருவழி வால்வு போடலாம். மணல் துகள் ஒன்று சிக்கினால் அது மூடாது என்பதால், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மாநகராட்சியின் பங்கு இதைவிடப் பெரிது. குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயிலிருந்து 3 மீட்டர் விலகி, அது முடியாத இடத்தில் அதற்கு மேல்மட்டத்தில் போக வேண்டும் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்லும் விதி. பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டும்போது மீறப்படுவது இந்த விதிதான். அதைவிட முக்கியம், குழாயைக் காலியாக விடாமல் இருப்பது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் சில பகுதிகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். விட்டு விட்டுத் தண்ணீர் வந்த பகுதிகளின் குழாய் மாதிரிகளில் 100க்கு சுமார் 32இல் மலக் கிருமியான ஈ.கோலை இருந்தது. 24 மணி நேரப் பகுதியில் 100க்கு ஒன்றுகூட இல்லை என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான்.

நம் ஊரிலும் 24 மணி நேரத் தண்ணீர் வரும்வரை ஒரு சோதனையை நாம் கேட்டு வாங்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். தொட்டிக்கு அடியில் பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை. தெருவின் கடைசி வீட்டில், தண்ணீர் வந்த முதல் பத்து நிமிடத்துக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். நிறமே வராவிட்டால் வழியில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றிருக்கிறது. எந்தக் குழி, எந்த மோட்டார், எந்த வால்வு என்று அன்றைக்கே அந்தத் தெருவில் தேட வேண்டும்.