6 பவுன் பரிசில் தொடங்கிய உலக ஸ்னூக்கர் போட்டி

நம் பட்டணங்களில் கடைவீட்டு மாடிகளில் இயங்கும் ஸ்னூக்கர் மையங்களைப் பிள்ளைகள் கெட்டுப்போகும் இடமாகவே பெற்றோர் பலர் பார்த்து வந்துள்ளனர். இங்கிலாந்திலும் இந்த ஆட்டத்திற்கு நெடுங்காலம் மதிப்பில்லை. அதன் உலக வெற்றியாளர் போட்டியே ஏழு ஆண்டுகள் நடக்காமல் நின்று போயிருக்கிறது.

ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில். 1875இல் ஜபல்பூரில் இதை உருவாக்கியவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் (பின்னாளில் பிரதமரானவர் வேறு சேம்பர்லேன்). 1882இல் ஊட்டி கிளப்பின் சுவரில் விதிமுறைகள் எழுதி மாட்டப்பட்டன.

இங்கிலாந்தில் அப்போது பில்லியர்ட்ஸ்தான் ராஜா. 1924இல் டாம் டென்னிஸ் என்ற ஆட்டக்காரர் ஸ்னூக்கருக்கும் போட்டி நடத்தக் கேட்டபோது, பார்க்க ஆள் வருமா என்று சந்தேகப்பட்டு பில்லியர்ட்ஸ் சங்கம் மறுத்துவிட்டது. ஜோ டேவிஸின் முயற்சியால் 1927இல் பர்மிங்ஹாமில் முதல் இறுதியாட்டம் நடந்தது. டென்னிஸை வென்ற டேவிஸுக்குப் பரிசு 6 பவுன் 10 ஷில்லிங். நுழைவுக் கட்டணத்தில் பாதி, கோப்பை வாங்கவே போய்விட்டது! 1946 வரை நடந்த 15 போட்டிகளிலும் அவரே வென்றார். பிறகு தோல்வியே காணாமல் அந்தப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

அவர் போனதும் ஈர்ப்பும் குறைந்தது. 1952இல் பணத் தகராறில் ஆட்டக்காரர்கள் சங்கத்தை விட்டு விலகித் தனிப் போட்டி நடத்தினர். சங்கத்தின் போட்டிக்கு வந்தவர்கள் இருவர் மட்டுமே. தனிப் போட்டியும் 1957இல் நால்வரோடு நின்றது. 1964இல்தான் மீண்டும் உயிர் வந்தது. அதுவும் நடப்பு வெற்றியாளர் ஜான் புல்மனுடன் ஒருவர் சவால் விட்டு மோதும் முறையில்.

காப்பாற்றியது வண்ணத் தொலைக்காட்சி. புதிய வண்ண ஒளிபரப்பைக் காட்ட, செலவு குறைந்த நிகழ்ச்சி தேவைப்பட்டது பிபிசிக்கு. பல நிறப் பந்துகள் பச்சைத் துணியில் உருள்வதைவிட வேறென்ன பொருத்தம்? 1969இல் 'பாட் பிளாக்' தொடங்கியது. அதே ஆண்டு உலகப் போட்டியும் பழையபடி சுற்றுகளாக நடந்தது. 'பாட் பிளாக்'கின் முதல் வெற்றியாளர் ரே ரியர்டன் ஒரு முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் சரிந்து மூன்று மணி நேரம் புதையுண்டு கிடந்தவர். அவர் 1970களில் ஆறு முறை உலகப் பட்டம் வென்றார்.

1977 முதல் போட்டி ஷெஃபீல்டின் குரூசிபிள் நாடக அரங்கில் நடக்கிறது. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத அரங்கம் அது. ஆனால் 1985இல் டென்னிஸ் டெய்லர் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என வீழ்த்தியதை, நள்ளிரவு தாண்டியும் 1 கோடியே 85 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தனர்.

இந்தியாவில் பிறந்த ஆட்டம்தான் என்றாலும், ஓர் ஆசியர் உலகப் பட்டம் வெல்ல 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகுதிச் சுற்றில் தொடங்கிய சீனாவின் ஜாவ் சின்தோங், இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என வென்றார். பரிசு 5 லட்சம் பவுன்.